மூளையில் பரவிய புற்றுநோயும் சஸ்திர சிகிச்சைக்குப் பின் அளிக்கும் கதிர்வீச்சும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

உடலின் வேறோர் உறுப்பில் தோன்றிய புற்றுநோய் இரத்த ஓட்டத்தின் வழியே மூளையை அடைந்து அங்கே கட்டியாக வளர்ந்துவிடுமானால், அக்கட்டியைச் சஸ்திர சிகிச்சையால் அகற்றிய பின்பு கதிர்வீச்சும் அளிக்கவேண்டுமா, அளிப்பதாயின் மூளை முழுமைக்கும் அளிக்கவேண்டுமா, கட்டி நீங்கிய குழிக்கு மட்டும் அளித்தாற் போதுமா என்னும் வினாவுக்குச் சென்ற எழுபது ஆண்டுகளில் வைத்திய உலகம் ஒன்றுக்கொன்று மாறுபட்ட விடைகளைக் கூறி வந்திருக்கிறது. அம்மாறுதல்களுக்குக் கருவிகளின் அபிவிருத்தியே காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கருவிகள் மாறியது உண்மையே. ஆயினும் இத்துறையின் பரீட்சைகளை அவை நடந்த காலவரிசையில் வைத்துப் படிப்போருக்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் வைத்தியர்கள் எதை எண்ணிக் கணக்கிட்டார்கள் என்பதே சிகிச்சையின் போக்கை நிர்ணயித்தது என்பது தெளிவாகும். வாரங்களை எண்ணிய காலத்தில் ஒரு சிகிச்சையும், மீண்டும் முளைத்த கட்டிகளை எண்ணிய காலத்தில் மற்றொன்றும், நோயாளியின் ஞாபகசக்தியை அளக்கத் தொடங்கிய காலத்தில் வேறொன்றும் மேலோங்கின என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்புவது.

மூளைக்குப் பரவும் புற்றுகளில் நுரையீரலிலும் மார்பகத்திலும் தோன்றுவனவும், தோலின் நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமாவும் முதன்மையானவை. சிறுநீரகம், பெருங்குடல் ஆகியவற்றிலிருந்தும் அவை வருவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹார்வி குஷிங் முதலிய முன்னோடிகள் மூளைச் சஸ்திர சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்துக்கொண்டிருந்தபோது, இவ்வாறு பரவி வந்த கட்டிகள் கைவிடப்பட்ட நிலைக்கு அடையாளமாகவே கருதப்பட்டன. கட்டி எங்கே இருக்கிறது என்பதை நோயாளியின் குறிகளைக் கொண்டு ஊகித்தே மண்டையோட்டைத் திறக்கவேண்டியிருந்த அந்நாளில், உடலெங்கும் நோய் பரவிய ஒருவரை அத்தகைய அபாயத்துக்கு உள்ளாக்குவது தகுமா என்று பலரும் தயங்கியது இயல்பே.

கதிர்வீச்சு இத்துறைக்குள் நுழைந்தது குணப்படுத்தும் நோக்கத்துடன் அன்று. ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895-இல். அக்கதிர்கள் பரவிய மூளைக்கட்டிகளுக்கு ஒழுங்கான முறையில் பயன்பட்டு, அப்பயன் வைத்திய ஏட்டில் விரிவாகப் பதிவானது 1954-இல். நியூயார்க்கில் சாவோ, பிலிப்ஸ், நிக்சன் என்னும் மூவர் 38 நோயாளிகளின் மூளைக்கு எக்ஸ் கதிர் அளித்து, அவர்களுள் நூற்றுக்கு 63 பேருக்குத் தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி முதலிய உபாதைகள் தணிந்தன என்று எழுதினார்கள். அதற்குச் சற்றுமுன், 1951-இல், கனடாவில் கோபால்ட் கதிர்க்கருவி நடைமுறைக்கு வந்திருந்தது. மண்டையோட்டை ஊடுருவி ஆழத்தில் சேரும் அதன் கதிர்களால், தலையின் இருபுறமிருந்தும் மூளை முழுமைக்கும் ஒரே சீராகக் கதிர் பாய்ச்சுவது எளிதாயிற்று. கட்டிகள் எத்தனை, எங்கெங்கே என்று கண்டறியும் வழியில்லாத காலத்தில் மூளை முழுவதையும் நனைத்துவிடுவதே நியாயமான உபாயமாகத் தோன்றியது. நோயாளிகள் நம் ஊரில் இன்றும் ‘கரண்டு வைப்பது’ என்று வழங்கும் சிகிச்சையின் மூளைப் பிரயோகம் இவ்வாறு உருவாயிற்று.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய மருந்து ஒன்று உண்டு. 1961-இல் மின்னசோட்டாவில் காலிசிச், ஃப்ரெஞ்ச், மெல்பி ஆகியோர், கட்டியைச் சூழ்ந்து மூளையில் உண்டாகும் வீக்கத்தை டெக்ஸாமெதசோன் விரைந்து தணிக்கிறது என்று காட்டினார்கள். நினைவிழந்து கிடந்தவர்கள் ஓரிரு நாளில் எழுந்து பேசும்படிச் செய்த அம்மருந்து, கதிர்வீச்சுக்கும் சஸ்திர சிகிச்சைக்கும் நோயாளி தாக்குப்பிடிப்பதற்கான அவகாசத்தைத் தேடித் தந்தது. அதே காலிசிச் பிற்காலத்தில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில், பரவிய மூளைக்கட்டிகளை அகற்றும் சஸ்திர சிகிச்சையில் முன்னின்றார்.

எழுபதுகளில் ஆர்.டி.ஓ.ஜி. என்னும் அமெரிக்கக் கூட்டாய்வுக் குழு, முழுமூளைக் கதிர்வீச்சை எவ்வளவு அளவில், எத்தனை நாளில் அளிப்பது நலம் என்று பெரும் பரீட்சைகள் நடத்தியது. கதிரின் அளவைக் குறிக்கும் அலகான கிரே கணக்கில், ஒரு வாரத்தில் 20 கிரே, இரண்டு வாரத்தில் 30 கிரே, நான்கு வாரத்தில் 40 கிரே என்று எப்படிப் பிரித்தளித்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நோயாளிகளின் நடுமதிப்பு ஆயுள் நான்கு மாத அளவைத் தாண்டவில்லை. இப்பரீட்சைகளிலிருந்து வழக்கில் நிலைத்தது, பத்துத் தவணைகளில் 30 கிரே என்னும் அளவு.

சஸ்திர சிகிச்சைக்கு மறுவாழ்வு அளித்தது கட்டியைக் காணும் ஆற்றல். 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டனை அடுத்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த ஸி.டி. கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. அதன் பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. மூளையில் ஒரே ஒரு கட்டிதான் இருக்கிறது என்று உயிரோடிருப்பவரைப் பற்றித் துணிந்து சொல்வது அப்போதுதான் சாத்தியமாயிற்று. ஒற்றைக் கட்டி உள்ளவர்களுக்கு அதை அகற்றிய நிபுணர்கள் தங்கள் நோயாளிகள் நெடுநாள் பிழைத்திருந்தார்கள் என்று எழுதினார்கள். ஆனால் சஸ்திர சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இயல்பிலேயே உடல்வலு மிக்கவர்கள், மற்ற உறுப்புகளில் நோய் அடங்கியவர்கள் ஆதலால், நீண்ட ஆயுள் கத்தியின் பயனா, தேர்வின் பயனா என்ற ஐயம் நீங்காமலே இருந்தது.

அந்த ஐயத்தை நேர்மையுடன் எதிர்கொண்டவர் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிபுணர் ராய் பேச்சல். அவரும் சகாக்களும் 1990-இல் வெளியிட்ட பரீட்சை, 48 பேரை மட்டுமே கொண்டதாயினும், இத்துறையின் முதல் அஸ்திவாரக்கல் எனலாம். ஒற்றைக் கட்டி உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, 25 பேருக்குக் கட்டியை அகற்றிய பின் முழுமூளைக் கதிர்வீச்சும், 23 பேருக்கு ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்த பின் கதிர்வீச்சு மாத்திரமும் அளித்தார்கள். முன்னவர்களின் நடுமதிப்பு ஆயுள் 40 வாரம், பின்னவர்களுக்கு 15 வாரம். கட்டி இருந்த இடத்திலேயே நோய் மீண்டது முன்னவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கும் பின்னவர்களில் 52 பேருக்கும். பிறர் துணையின்றித் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் வாழ்ந்த காலத்தையும் அவர்கள் கணக்கிட்டார்கள்: 38 வாரமும் 8 வாரமும். எட்டு வாரத்துக்கும் முப்பத்தெட்டு வாரத்துக்கும் உள்ள தூரம், ஒரு குடும்பத்தில் பெற்றவரோ பெண்டோ கட்டிலோடு கிடந்ததைக் கண்டவர்களுக்கு விளக்கிக் கூறவேண்டியதன்று. இன்னொரு செய்தியும் அப்பரீட்சையில் புதைந்து கிடக்கிறது. முதலில் சேர்க்கப்பட்டவர் 54 பேர். படத்தில் பரவிய புற்றாகத் தோன்றிய கட்டி, சோதித்துப் பார்க்கையில் அவர்களுள் ஆறு பேருக்கு வேறு வகைக் கட்டியாகவோ, அழற்சியாகவோ, கிருமித் தொற்றாகவோ இருந்தது. படத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த அறுவரும் தமக்கு இல்லாத நோய்க்குக் கதிர் ஏற்றிருப்பார்கள்.

நெதர்லாந்தில் வெக்டும் சகாக்களும் 63 பேரை வைத்து 1993-இல் வெளியிட்ட பரீட்சை இம்முடிவை ஆதரித்தது. கனடாவில் மின்ட்ஸ் தலைமையில் 84 பேரை வைத்து நடந்து 1996-இல் வெளியானது ஆதரிக்கவில்லை. கனடாவில் சேர்க்கப்பட்டோருள் மூளைக்கு வெளியே நோய் முற்றியவர்கள் மிகுதி என்பதை நினைத்தால் முரண்பாடு பெரிதாகத் தோன்றாது. தகுதியுள்ளவருக்குக் கட்டியை அகற்றுவது என்பது அதன்பின் நிலைபெற்ற வழக்கமாயிற்று.

எனின், கட்டி முழுதும் அகற்றப்பட்ட பிறகு கதிர்வீச்சு எதற்கு? பரவிய புற்று, மூளையிலேயே தோன்றும் க்ளையோமாவைப்போல் நெடுந்தூரம் வேர் பரப்புவதில்லை; ஆயினும் அதன் ஓரத்தில் உள்ள திசுவுக்குள் மிகச் சிறிது தூரம் ஊடுருவிய உயிரணுக்களும், அகற்றும்போது சிதறியவையும் குழியின் சுவரில் எஞ்சுவது உண்டு. அன்றியும், ஒரு கட்டியை விதைத்த இரத்த ஓட்டம் படத்தில் தெரியாத வேறு நுண்கட்டிகளையும் விதைத்திருக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே அடக்குவது முழுமூளைக் கதிர்வீச்சு என்பது எண்பதுகளின் பொது அபிப்பிராயம். பழைய நோய்க்குறிப்பு ஏடுகளை ஆராய்ந்து மேயோ மருத்துவமனையினர் 1987-இல் எழுதிய கட்டுரையும், கதிர் பெற்றவர்களுக்கு நோய் மீள்வது குறைவு என்றே கூறிற்று.

இந்த நம்பிக்கை உறுதிப்படும் தருவாயில்தான், மறுபக்கத்தைக் காட்டிய கட்டுரை ஒன்று 1989-இல் வெளிவந்தது. மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த லிசா டியாஞ்சலிஸ் முதலியோர், மூளைக்கட்டியிலிருந்து விடுபட்ட 12 பேரைப் பற்றி அதில் எழுதினார்கள். அவர்களுக்கு நோய் திரும்பவில்லை. ஆனால் கதிர்வீச்சு முடிந்து ஐந்து மாதத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள், அறிவு மங்கி, நடை தள்ளாடி, சிறுநீரை அடக்கும் ஆற்றலும் போய், அவர்கள் படிப்படியாக நலிந்தார்கள். எழுவர் அந்நலிவினாலேயே மாண்டார்கள். மொத்த அளவு 25 முதல் 39 கிரே வரையே இருந்தது. எனினும் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிரே வீதம் பெரிய தவணைகளாக அளித்ததே தீங்குக்கு வழிசெய்தது என்று ஆசிரியர்கள் கருதினார்கள். ஆர்.டி.ஓ.ஜி. குழுவின் பரீட்சைகளில் இத்தீங்கு புலப்படாமற் போனதற்குக் காரணம் வெளிப்படை: நான்கு மாதத்தில் பெரும்பாலோர் இறந்துபோன கூட்டத்தில், ஓராண்டு கழித்துத் தோன்றும் துன்பத்தை அநுபவிக்க எஞ்சியவர் சிலரே. சஸ்திர சிகிச்சை ஆயுளை நீட்டிக் கொடுத்தபோதுதான் கதிர்வீச்சின் நெடுநாள் விளைவும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சிகிச்சையின் வெற்றி மற்றொரு சிகிச்சையின் குற்றத்தை வெளிப்படுத்திய இந்நிகழ்ச்சியை நான் இவ்வரலாற்றின் மையமாகக் கருதுகிறேன்.

ஆகவே, கட்டியை அகற்றியவர்களுக்குக் கதிர்வீச்சு உண்மையில் வேண்டுமா என்று கேட்டறிவது தவிர்க்கமுடியாததாயிற்று. பேச்சல் இரண்டாம் முறையும் முன்வந்தார். 1989 முதல் 1997 வரை சேர்க்கப்பட்ட 95 பேரைக் கொண்ட அப்பரீட்சை 1998-இல் வெளியாயிற்று. ஒற்றைக் கட்டி முழுதும் அகற்றப்பட்டது என்று எம்.ஆர்.ஐ. மூலம் உறுதி செய்துகொண்ட பின், 49 பேருக்கு 28 தவணைகளில் 50.4 கிரே அளவுக்கு முழுமூளைக் கதிர்வீச்சு அளித்து, 46 பேரை ஒன்றும் அளிக்காமல் கண்காணித்தார்கள். தவணையைச் சிறிதாக்கி நாட்களை நீட்டியதில் டியாஞ்சலிஸ் தந்த எச்சரிக்கையின் சாயலைக் காணலாம். கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மூளையில் எங்கேனும் நோய் திரும்பியது. பெற்றவர்களில் 18 பேருக்கே திரும்பியது. கட்டி இருந்த இடத்திலேயே மீண்டது பெறாதோரில் நூற்றுக்கு 46 பேருக்கும் பெற்றோரில் 10 பேருக்கும். மூளையின் பிற இடங்களில் புதிதாகத் தோன்றியது அவ்வாறே நூற்றுக்கு 37 பேருக்கும் 14 பேருக்கும். மூளை நோயினாலேயே மாண்டவர்கள் கதிர் பெறாதோரில் நூற்றுக்கு 44 பேரும், பெற்றோரில் 14 பேரும் ஆவர். இத்துணை வேறுபாடு இருந்தும், மொத்த ஆயுளில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை: கதிர் பெற்றோருக்கு 48 வாரம், பெறாதோருக்கு 43 வாரம். தன்னிச்சையாக வாழ்ந்த காலமும் இரு சாராருக்கும் மாறவில்லை.

இம்முடிவை அடுத்த இருபது ஆண்டுக்காலம் ஒவ்வொருவரும் தத்தம் நோக்கில் வாசித்தார்கள். நோய் மீளாமையே குறிக்கோள் என்றவர்கள், கதிர்வீச்சு இன்றியமையாதது நிரூபணமாயிற்று என்றார்கள். ஆயுளே குறிக்கோள் என்றவர்கள், கதிர்வீச்சால் ஒரு நாளும் கூடவில்லையே என்றார்கள். இரு சாராரும் ஒரே அட்டவணையையே எடுத்துக் காட்டினார்கள். என் அபிப்பிராயத்தில் அவ்வட்டவணை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது ஒன்றே: கட்டியை அகற்றிய குழியை வாளா விட்டுவிடுவது ஆகாது. எம்.ஆர்.ஐ. துணையோடு முழுதும் அகற்றியதாக உறுதி செய்த பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அதே இடத்தில் நோய் மீண்டது என்றால், கத்தியின் எல்லை எது என்பது விளங்கிவிட்டது. குழியை அடக்க மூளை முழுவதையும் கதிருக்கு உள்ளாக்கவேண்டுமா என்பதை அப்பரீட்சை கேட்கவே இல்லை. கேட்பதற்கான கருவி அந்நாளில் பரவலாகவும் இல்லை.

அக்கருவியின் வரலாறு வேறோரிடத்தில், வேறொரு நோக்கத்துடன் தொடங்கியது. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்ஸெல் என்னும் நரம்புச் சஸ்திர சிகிச்சை நிபுணர், மண்டையோட்டைத் திறவாமலே, பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்க்கற்றைகளை மூளையின் ஒரு புள்ளியில் குவித்து அங்குள்ள திசுவை அழிக்கலாம் என்று 1951-இல் எழுதினார். 1968-இல் முதல் காமா கத்தி இயங்கத் தொடங்கியது. 179 கோபால்ட் ஊற்றுக்கள் அதில் ஒரு புள்ளியை நோக்கி அமைந்திருந்தன. தீராத வலி, நடுக்கம் முதலியவற்றுக்கு வழிசெய்யும் நரம்புப் பாதைகளைத் துண்டிப்பதே அவருடைய எண்ணம். உருண்டையான வடிவமும் தெளிவான ஓரமும் உடைய பரவிய புற்றுக்கட்டி இக்கருவிக்கு எத்துணைப் பொருத்தமான இலக்கு என்பது எண்பதுகளின் பிற்பகுதியில்தான் உணரப்பட்டது. இவ்வாறு இலக்கில் மட்டும் கதிரைக் குவித்தளிப்பதே குறியிலக்குக் கதிர்வீச்சு.

ஐரோப்பியக் கூட்டாய்வுக் குழுவொன்று 2011-இல் வெளியிட்ட 359 பேர் கொண்ட பரீட்சையில், சஸ்திர சிகிச்சையோ குறியிலக்குக் கதிர்வீச்சோ பெற்றவர்களுக்கு அதன்பின் முழுமூளைக் கதிர்வீச்சு அளித்தும் அளிக்காமலும் பார்த்தார்கள். பேச்சலின் முடிவே பெரிய அளவில் மீண்டும் கிடைத்தது: சஸ்திர சிகிச்சை பெற்றவர்களில் இரண்டாண்டுக்குள் குழியில் நோய் மீண்டது நூற்றுக்கு 59 என்பதிலிருந்து 27-ஆகக் குறைந்தது, ஆயுளோ 10.7 மாதமும் 10.9 மாதமுமாக அசையாமல் நின்றது.

இதற்கிடையே எண்ணும் பொருள் மாறிவிட்டது. 2002-இல் மோஞ்சேயும் பாமரும், கதிர்வீச்சு பட்ட ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறப்பது தடைப்படுகிறது என்று எலிகளில் காட்டியிருந்தார்கள். ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகள் பதிவதற்கு இன்றியமையாத பகுதி. ஹூஸ்டனில் எரிக் சாங் தலைமையில் நடந்து 2009-இல் வெளியான பரீட்சை, பன்னிரண்டு சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் எளிய சோதனையைத் தன் பிரதான அளவுகோலாக வைத்தது. குறியிலக்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில், நான்கு மாதம் கழித்துச் சொற்களை நினைவுகூரும் திறன் சரியும் வாய்ப்பு நூற்றுக்கு 24. அதனுடன் முழுமூளைக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 52. வேறுபாடு இவ்வளவு தெளிவாகவே, 58 பேரோடு பரீட்சை நிறுத்தப்பட்டது. முழுமூளைக் கதிர் பெற்ற பிரிவில் நான்கு மாதத்துக்குள் இறந்தோர் மிகுதி, ஆகையால் நோயின் தளர்ச்சியே நினைவையும் குலைத்திருக்கலாம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள்; அம்மறுப்பு நியாயமானதே. 213 பேரைக் கொண்டு பால் பிரவுன் முதலியோர் 2016-இல் வெளியிட்ட பரீட்சையும் அதே திசையைக் காட்டிய பின்னர் மறுப்பின் வலு குன்றிற்று.

மிகவும் வருந்தத்தக்கது, இவ்வெளிய சொற்சோதனையை இத்துறை இத்தனை காலம் கழித்துக் கைக்கொண்டதே. மூளைக்குச் சிகிச்சை செய்கிறவர்கள் மூளையின் தொழிலை அளக்காமல், கட்டியின் அளவையும் மரண தேதியையும் மட்டும் குறித்துவைத்த நெடுங்காலத்தில், தம் பிள்ளைகளின் பெயர் மறந்து வாழ்ந்து மறைந்தவர்களின் துன்பம் எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை.

2017-ஆம் ஆண்டு, ஒரே ஏட்டில், இரு பரீட்சைகள் சேர்ந்து வெளிவந்தன. ஹூஸ்டனில் அனிதா மஹாஜன் முதலியோர் நடத்திய முதலாவதில், கட்டியை முழுதும் அகற்றிய பின் குழிக்குக் குறியிலக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேர் ஓராண்டு அளவும் அவ்விடத்தில் நோய் மீளாதிருந்தார்கள். கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் 43 பேர். பிரவுன் தலைமையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 194 பேரைச் சேர்த்து நடந்த இரண்டாவது, 1998-இல் கேட்கப்படாமல் நின்ற வினாவையே கேட்டது. குழிக்கு மட்டும் கதிர் பெற்றவர்களுக்கும் மூளை முழுமைக்கும் பெற்றவர்களுக்கும் ஆயுள் சமமே: 12.2 மாதமும் 11.6 மாதமும். ஆறு மாதத்தில் அறிவாற்றல் குன்றியவர்கள் முன்னவர்களில் நூற்றுக்கு 52, பின்னவர்களில் 85. நோயை மூளையில் அடக்கி வைப்பதில் முழுமூளைக் கதிர்வீச்சே அப்போதும் மேம்பட்டிருந்தது. ஆனால் அம்மேன்மைக்கு நோயாளி செலுத்தும் விலை இப்போது எண்ணால் தெரிந்துவிட்டது. ஜப்பானியர் 271 பேரைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட பரீட்சையிலும், சஸ்திர சிகிச்சைக்குப் பின் முழுமூளைக் கதிர்வீச்சை ஒத்திவைத்து, எஞ்சியதற்கும் மீண்டதற்கும் மட்டும் குறியிலக்குக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டவர்களின் ஆயுள் குறையவில்லை. இரு பிரிவிலும் அது 15.6 மாதம்.

இவ்வாறு குழிக்கு மட்டும் கதிர் அளிப்பது வழக்கமான பின்பு, அதற்கே உரிய இடர்ப்பாடுகள் தலைதூக்கின. கட்டி உருண்டையானது, அது நீங்கிய குழியோ கோணல்மாணலானது, நாளுக்கு நாள் சுருங்குவது, சஸ்திர சிகிச்சையின் தழும்போடு பிரித்தறிய முடியாதபடிக் கலந்தது. ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் சேர்த்து வரைந்தால் நோய் மீள்வது குறைகிறது என்று ஸ்டான்ஃபோர்டு நிபுணர்கள் 2012-இல் கண்டார்கள். குழி பெரிதாக ஆக, சுற்றியுள்ள திசு மடியாதிருக்கும்பொருட்டு அளவைக் குறைக்கவேண்டியிருந்தது: பிரவுனின் 2017 பரீட்சையில் மிகச் சிறிய குழிக்கு 20 கிரே, மிகப் பெரியதற்கு 12.5 கிரே. நோய் மீளும் அபாயம் பெரிய கட்டிகளுக்கே அதிகமாதலால், அதிகம் தேவைப்படுகிற இடத்தில் குறைவாக அளிக்கும் விபரீதம் இதில் அடங்கியிருக்கிறது. ஒரே தவணையை மூன்றாகவோ ஐந்தாகவோ பிரித்தளிக்கும் முறை இதற்குப் பரிகாரமாக எழுந்தது. கத்தி பட்டபோது சிதறிய உயிரணுக்கள் மூளையுறைகளில் பற்றி முடிச்சு முடிச்சாக வளரும் நிலை, முழுமூளைக் கதிர்வீச்சின் காலத்தில் அவ்வளவாகக் கண்ணிற் படாதது, இப்போது கவலைக்குரியதாயிற்று.

முழுமூளைக் கதிர்வீச்சு அதனால் வழக்கொழிந்துவிடவில்லை. எண்ணற்ற கட்டிகள் உள்ளவர்களுக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஹிப்போகாம்பஸை விலக்கிக் கதிர் பாய்ச்சும் நுட்பமும், மெமான்டின் என்னும் மருந்தும் சேர்ந்தால் நினைவிழப்பு குறைகிறது என்பதை 518 பேர் கொண்ட பரீட்சையொன்று 2020-இல் நிலைநாட்டியது.

குழியைச் சுற்றிய இடர்ப்பாடுகளுக்கோ வேறொரு வழி தேடப்படுகிறது. கட்டி இருக்கும்போதே, அதன் ஓரம் தெளிவாகத் தெரியும்போதே, குறியிலக்குக் கதிரை அதற்கு அளித்துவிட்டுப் பிறகு சஸ்திர சிகிச்சை செய்தால், சிதறும் உயிரணுக்கள் முன்னமே வலுவிழந்திருக்கும், கதிரேற்ற நலமுள்ள திசுவின் பெரும்பகுதியும் கட்டியோடு வெளியேறிவிடும் என்பது இதன் தர்க்கம். வட கரோலினாவின் ஷார்லட் நகரிலிருந்து 2014-இல் ஆஷர் முதலியோர் தம் அநுபவத்தை எழுதினார்கள். திசுவைச் சோதிக்காமலே கதிர் அளிக்கவேண்டியிருப்பது இம்முறையின் குறை; 1990-இல் பேச்சல் கண்ட அந்த ஆறு பேரை இங்கே நினைத்துக்கொள்ளவேண்டும். முன்னே அளிப்பதா, பின்னே அளிப்பதா என்பதை நேரிடையாக ஒப்பிடும் பெரும் பரீட்சையை அமெரிக்கக் கூட்டாய்வுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறது. அதில் முதன்மையாக எண்ணப்படுவன மூன்று: கட்டி இருந்த இடத்தில் நோய் மீள்வது, மூளையுறைகளில் அது படர்வது, கதிரால் திசு மடிந்து நோயாளிக்கு உபாதை உண்டாவது.